கூஜா கட்டிய கார்

போடிநாயக்கனூர்
12-2-1955

என் ஆத்தா சந்திரவல்லிக்கு,

உன் அப்பன் பிச்சைமணி எழுதுவது. நான் நலம். உன் அம்மா செல்லத்தாய் என்னைவிட நலம். குரலைக் கேட்டாலே தெரிகிறது. காரும் நலம் என்று எழுத ஆசைதான். ஆனால் உனக்கு அந்தக் காரைத் தெரியும்.

பங்குனியில் உனக்கு ஏழாம் மாதம். பங்குனி பதினெட்டாம் தேதி நாள் நன்றாக இருப்பதாக ஐயர் சொன்னார். அன்றைக்கு உங்கள் எஸ்டேட் வீட்டுக்கு வந்து, வளையல் போட்டு, உன்னைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வரலாம் என்று இருக்கிறோம். சம்பந்தியம்மாளிடமும் மாப்பிள்ளையிடமும் சொல்லிவை. முறையான கடிதம் தனியே வரும். அதை நம் கடைக் கணக்கன் வீரணன் எழுதுவான், எழுத்து நன்றாக இருக்கும். இது உனக்கு மட்டும்.

நம் சொந்தக் காரிலேயே வருகிறோம். ஏலக்காய் வியாபாரத்தில் முப்பது வருசம் மூட்டைக்கு நடுவே உட்கார்ந்து லாரியில் மலை ஏறியவன் நான். மகளைக் கூப்பிடவாவது குஷன் சீட்டில் உட்கார்ந்து வரவேண்டாமா? தோட்டத்துத் துரை கப்பல் ஏறும்போது இதை எனக்கு விற்றுவிட்டுப் போனார். காரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகாமல் ஏன் விட்டுப்போனார் என்பது இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிகிறது. அதனால் என்ன, வயதில் என்னில் பாதிதான். மேட்டில் மட்டும் என்னைவிடக் கூடுதலாக மூச்சு வாங்கும். அதைச் சரிசெய்யத்தான் பட்டறை தானியேலிடம் போய்வருகிறேன்.

புளியும் மாங்காயும் அதிகம் தின்னாதே என்று அம்மா எழுதச் சொன்னாள். தின்னு என்று நான் எழுதுகிறேன்.

உன் அப்பன்,
பிச்சைமணி


பூப்பாறை
20-2-1955

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தைக்கும் அவருக்கும் பதினெட்டாம் தேதி சம்மதம். எனக்கு நாள் சம்மதம். கார் சம்மதமில்லை.

அப்பா, கல்யாணம் முடிந்து என்னை இங்கே கொண்டுவந்து விட்டீர்களே, அந்த நாளை நீங்கள் சிரிப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் பட்டுச்சேலையோடும் தலை நிறையப் பூவோடும் ஏழாவது வளைவில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் பானெட்டைத் திறந்து வைத்து விசிறிக்கொண்டிருந்தீர்கள். மனுஷருக்கு விசிறுகிற பனையோலை விசிறியால் ரேடியேட்டருக்கு விசிறிய ஆள் இந்த மலையில் நீங்கள் ஒருவர்தான். ஜீப்பில் போன எஸ்டேட் பெண்கள் எல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் போனார்கள். கடைசியில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் போய் நின்றபோது கார் மூக்கிலிருந்து ஆவி அடித்துக்கொண்டிருந்தது. ஆரத்தித் தட்டோடு வந்த அத்தை இரண்டு அடி பின்னால் போனார்கள்.

இங்கே இன்னும் என் பெயர் வெந்நீர் வீட்டுப் பொண்ணுதான். யாராவது புதிதாக வந்தால் அத்தை அந்தக் கதையைச் சொல்லித்தான் என்னை அறிமுகம் செய்வார்கள். கெட்ட மனசு இல்லை. ஆனால் சொல்வார்கள்.

போடியில் வாடகைக் கார் கிடைக்கும். இல்லையென்றால் பஸ்ஸில் வாருங்கள், அவர் ஜீப் கேட்டு வைப்பார். அந்தக் காரில்தான் வருவேன் என்றால் நான் இங்கேயே பெற்றுக்கொள்கிறேன். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மிட்வைஃப் இருக்கிறாள். அத்தையும் அதைத்தான் நாசூக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

கோபமில்லை அப்பா. நிஜமாகவே ஏறமாட்டேன்.

சந்திரவல்லி


போடி
27-2-1955

ஆத்தா,

உன் கடிதத்தை அம்மா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். இரண்டாவது தடவை கல்லின்மேல் உட்கார்ந்திருந்த இடம் வந்ததும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் ஒரு ரேடியேட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். "எம்மகளுக்குத் தலைப்பிரசவம் எங்கனன்னு உங்க ஓட்டைக் காரா முடிவு பண்றது?" என்றாள். நான் பட்டறைக்குப் போனேன்.

வாடகைக் கார் பிடிக்கலாம்தான். ஆனால் ஒன்று யோசி. நான் வாடகைக் காரில் வந்தால், நம் கார் மலை ஏறாது என்று நானே உன் மாமியாருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போல ஆகிவிடும். அப்புறம் அந்தப் பெயர் உன் பிள்ளைக்கும் வரும். அந்தக் கார் ஆவி விடாமல் உன் வாசலில் வந்து நின்றால்தான் பெயர் போகும். அதற்கு எனக்கு ஒரு மாதம் கொடு.

முதல் கோளாறு தெரிந்துவிட்டது. ரேடியேட்டரில் மயிரிழை மாதிரி ஒரு கசிவு. தானியேல் சொன்னார், "அண்ணே, ஒரு சிட்டிகை மஞ்சத்தூளைப் போட்டு ஓட்டுங்க, அடைச்சுக்கிரும்." எல்லா டிரைவரும் செய்வதுதானாம்.

ஒரு சிட்டிகை. இதை யாரிடம் சொல்கிறார்? பலசரக்குக்கும் ஏலக்காய்க்கும் கடை வைத்திருக்கிறவனிடம். சிட்டிகையால் அளந்து எனக்குப் பழக்கமில்லை. நல்ல ஈரோட்டு மஞ்சளாக ஒரு அரைப்படி கொட்டி, மலையடிவாரத்து முந்தல் தாண்டி மேட்டில் ஏற்றினேன்.

கசிவு அடைத்துக்கொண்டது உண்மை. கூடவே தண்ணீர் போகிற வழியும் அடைத்துக்கொண்டது. நாலாவது வளைவில் மூடி பறந்தது. கார், கண்ணாடி, என் சட்டை, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீரணன் எல்லாம் மஞ்சள். பின்னால் வந்த ஜீப்பில் ஒருத்தி எட்டிப் பார்த்து, "காருக்குச் சடங்கு சுத்துறாகடி" என்றாள்.

தானியேல் சோடா உப்புக் கரைத்து ஊற்றிக் கழுவிக்கொண்டிருக்கிறார். இன்னும் கொஞ்சம் மஞ்சளாகத்தான் வருகிறது.

உன் அப்பன்


பூப்பாறை
5-3-1955

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதத்தை அவரிடம் வாசித்துக் காட்டினேன். சடங்கு சுற்றிய இடத்தில் அவர் எழுந்து வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். நான் உட்கார்ந்தே சிரித்தேன். வயிற்றுக்குள் இருக்கிறதும் ஒரு உதை விட்டது. அதற்கும் கதை பிடித்திருக்கிறது போல.

அத்தைக்குச் சொல்லவில்லை. ஆனால் இந்த மலையில் எதுதான் மறைந்திருக்கும்? மறுநாள் எஸ்டேட் ஸ்டோரில் ஏலக்காய் பொறுக்குகிற மொக்கம்மாள் வந்து, "போடியில யாரோ ஒரு மொதலாளி காருக்கு மஞ்சத்தண்ணி ஊத்துனாராம்ல" என்றாள். அத்தை என்னைப் பார்த்தார்கள். நான் அரிசியில் கல் பொறுக்கினேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா. அவமானம் ஒரு பக்கம். அந்த மலையில் நீங்கள் தனியாக அந்தக் காரோடு போவது இன்னொரு பக்கம். நேற்று அத்தை தொட்டில் கயிறு கட்ட இடம் பார்த்தார்கள், இங்கே, இந்த வீட்டு உத்தரத்தில். நான் அம்மா பக்கத்தில் படுத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

ஆனால் ஆவி அடிக்கிற காரில் வந்து நின்றால் ஏறமாட்டேன்.

சந்திரவல்லி


போடி
10-3-1955

ஆத்தா,

தொட்டில் கயிற்றை அவிழ்க்கச் சொல். வழி கண்டுபிடித்துவிட்டேன்.

கசிவு இப்போது இல்லை, மஞ்சளும் போய்விட்டது. ஆனாலும் ஏறும்போது தண்ணீர் குறைகிறது. எங்கே போகிறது என்று காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். (அதிலிருந்து எழுந்தது தனிக் கதை. இரண்டு பேர் இழுத்தார்கள்.) ரேடியேட்டர் கழுத்திலிருந்து ஒரு சின்னக் குழாய் கீழே இறங்குகிறது. தண்ணீர் சூடானதும் பொங்கி, அந்தக் குழாய் வழியாக ரோட்டில் கொட்டிவிடுகிறது. பொங்குகிறது, கொட்டுகிறது, குறைந்த தண்ணீர் இன்னும் வெரசாகக் கொதிக்கிறது, மறுபடி கொட்டுகிறது. இந்த மாசி வெயிலில் மலையில் ஊற்று எல்லாம் வற்றிக் கிடக்கிறது. கொட்டினதைத் திரும்ப ஊற்ற வழியில் தண்ணீர் இல்லை. நம் வியாபாரத்தில் மூட்டையில் ஓட்டை இருந்தால் கீழே சாக்கு விரிப்போம் அல்லவா? அதே யோசனைதான்.

உன் அம்மாவின் பித்தளைக் கூஜாவை எடுத்துக் காரின் முன்பக்கம் ரேடியேட்டரை ஒட்டிக் கட்டிவிட்டேன். மூடியில் ஓட்டை போட்டு அந்தக் குழாயை உள்ளே விட்டிருக்கிறேன். பொங்குகிற தண்ணீர் கூஜாவுக்குள் போகும். கார் குனிந்து தீர்த்தம் கொடுக்கப் போவது போல இருக்கிறது. பார்க்க அழகுதான்.

நேற்று ஐந்தாவது வளைவு வரை போனேன். தண்ணீர் கூஜாவுக்குள் ஒழுங்காக வந்தது. ஆனால் ஆறின பிறகு அங்கேயே இருக்கிறது. ரேடியேட்டர் காலி, கூஜா நிறைவு. ஒவ்வொரு தடவையும் நான்தான் கூஜாவைக் கழற்றி ஊற்ற வேண்டியிருக்கிறது. தானாகத் திரும்பிப் போனால் எவ்வளவு நன்றாக இருக்கும். தானியேல், "தண்ணி மேல ஏறாதுண்ணே" என்கிறார்.

அம்மா வீடு முழுக்கக் கூஜாவைத் தேடிக்கொண்டிருக்கிறாள். நானும் கூடத் தேடுகிறேன்.

உன் அப்பன்


பூப்பாறை
15-3-1955

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவிடம் முதலில் உண்மையைச் சொல்லுங்கள். பித்தளைக்காரனிடம் வேறு கூஜா வாங்கிக் கொடுங்கள்.

தண்ணீர் மேலே ஏறும் அப்பா. நான் பப்பாளித் தண்டு வைத்து இளநீர் குடித்ததை மறந்துவிட்டீர்களா? தண்டின் நுனி இளநீருக்குள் இருந்தால் உறிஞ்சும்போது இளநீர் வரும். நுனி மேலே நின்றால் காற்றுதான் வரும். உங்கள் குழாய் கூஜாவின் கழுத்தோடு நிற்கிறது, இல்லையா? அடிவரைக்கும் விடுங்கள், நுனி எப்போதும் தண்ணீருக்குள் இருக்கட்டும். முதலிலேயே கூஜாவில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வையுங்கள்.

உறிஞ்சுவது யார் என்று கேட்பீர்கள். ரேடியேட்டர்தான். சுடச்சுட ரசத்தை மூடி வைத்தால், ஆறினதும் மூடி பாத்திரத்தோடு ஒட்டிக்கொண்டு வராமல் அடம்பிடிக்கும் பாருங்கள். உள்ளே சூடு தணிந்து சுருங்கும்போது வெளியே இருப்பதை இழுக்கிறது. அதே மாதிரி ரேடியேட்டரும் ஆறும்போது இழுக்கும். ஆனால் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். மூடிக்கு அடியில் தோல் வளையம் காய்ந்து போயிருக்கும். அதை எடுத்துவிட்டுச் சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டிப் போடுங்கள். கூஜா மூடியில் மட்டும் காற்றுப் போக ஒரு சின்ன ஓட்டை வேண்டும். அங்கே இறுக்கிவிடாதீர்கள்.

இதை எழுதும்போது அத்தை எட்டிப் பார்த்து, "என்னடி, சமையல் குறிப்பா?" என்றார்கள். ஆமாம் என்றேன்.

நான் இன்னும் ஏறுவதாகச் சொல்லவில்லை.

சந்திரவல்லி


போடிநாயக்கனூர்
21-3-1955

மகள் சௌபாக்கியவதி சந்திரவல்லிக்கு ஆசீர்வாதம்.

இவ்விடம் யாவரும் க்ஷேமம். தாங்கள் அனுப்பிய யோசனைப்படி குழாயைக் கூஜாவின் அடிவரை இறக்கி, மூடிக்குச் சைக்கிள் டியூப் வளையம் போட்டு ஓட்டிப் பார்த்ததில், ஆறிய பின் தண்ணீர் தானாகவே ரேடியேட்டருக்குத் திரும்பியது. மிகுந்த திருப்தி. போடிமெட்டு உச்சி வரை ஒரு சொட்டும் தரையில் விழவில்லை. தண்ணீர் கொதிக்கத் தொடங்கினால் கூஜாவுக்குள் குடுகுடுவென்று சத்தம் கேட்கிறது. அப்போது சற்று நிறுத்தினால் போதுமானது. குறித்த தேதியில் வருகிறோம். கவலை வேண்டாம்.

இப்படிக்கு,
பிச்சைமணி

அம்மா, இந்த வரிகள் வீரணன் எழுதுவது. முதலாளி சொல்லச் சொல்ல மேலே எழுதினேன், இது அவருக்குத் தெரியாது. தண்ணீர் திரும்பிப் போய்விட்டதா என்று பார்க்கிற ஆசையில், ஆறுமுன்னே ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டார். வலது கை மணிக்கட்டு வரை வெந்துவிட்டது. டாக்டர் கட்டுப் போட்டிருக்கிறார், பயப்படும்படி இல்லை. ஆனால் வெந்த கையோடு குனிந்து முதலில் கூஜாவைத்தான் பார்த்தார். "வீரணா, போயிருச்சுடா" என்று சிரித்தார். உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது.


பூப்பாறை
24-3-1955

அப்பா,

தாங்கள், திருப்தி, போதுமானது. முதல் வரியிலேயே இது நீங்கள் இல்லை என்று தெரிந்துவிட்டது. வீரணன் அண்ணனைத் திட்டாதீர்கள். திட்டினீர்கள் என்று கேள்விப்பட்டால் நான் பேசவே மாட்டேன்.

இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நான் எழுதின கடிதத்தை எல்லாம் மறுபடி நினைத்துப் பார்த்தேன். ஏறமாட்டேன், ஏறமாட்டேன் என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கிறேன். எழுதாமல் இருந்திருந்தால் உங்கள் கை வெந்திருக்காது.

இனிமேல் ஒன்றும் செய்ய வேண்டாம். கார் எப்படி இருக்கிறதோ அப்படியே வாருங்கள். கை ஆறவில்லை என்றால் தானியேல் அண்ணன் ஓட்டட்டும். ஆவி அடித்தால் அடிக்கட்டும். தண்ணீர் கொட்டினால் கொட்டட்டும். நான் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பேன், யார் சிரித்தாலும் சரி, வந்து ஏறிக்கொள்கிறேன். அத்தையிடம் சொல்லிவிட்டேன். "எங்கப்பா கார்லதான் போவேன் அத்தை. கொதிச்சாலும் அதுலதான் போவேன்." அத்தை உள்ளே போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "உங்கப்பாவுக்குக் கைக்குப் போட நல்ல தேன் இருக்கு, வரும்போது ஞாபகப்படுத்து" என்றார்கள்.

மூடியைத் தொடாதீர்கள். நீங்கள் தொடவே தொடாதீர்கள்.

சந்திரவல்லி


பூப்பாறை
12-9-1955

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் சுகமாக வந்து சேர்ந்து ஒரு வாரமாகிறது. நீங்கள் விட்டுவிட்டுப் போன மறுநாளே எழுத நினைத்தேன். உங்கள் பேத்தி எழுத விடவில்லை. கை நிறையத் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள், அவிழ்த்தால் விழித்துக்கொள்கிறாள்.

அத்தை பாப்பாவைக் கீழேயே விடுவதில்லை. பங்குனியில் உங்கள் கார் ஆவி இல்லாமல் வாசலில் வந்து நின்றதையும், அவர்கள் அதை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்ததையும் இப்போது எல்லோரிடமும் சொல்கிறார்கள். "எங்க சம்பந்தி கார்ல கூஜா கட்டியிருக்காரு, தாகமெடுத்தா அதுவே குடிச்சுக்கிரும்" என்கிறார்கள். வெந்நீர் வீட்டுப் பெயர் போய்விட்டது.

ஒன்று கேட்க வேண்டும் அப்பா.

போன வாரம் என்னையும் பாப்பாவையும் கொண்டுவந்து விட மலை ஏறினோமே, மூன்று இடத்தில் நிறுத்தினீர்கள். ஒவ்வொரு தடவையும் இறங்கிப் போய்ப் பானெட்டைத் திறந்தீர்கள், உள்ளே பார்த்தீர்கள், தலையை ஆட்டினீர்கள். "கொதிக்குது ஆத்தா. கொஞ்சம் ஆறட்டும்" என்றீர்கள். அம்மா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நீங்கள் பாப்பாவை வாங்கிக்கொண்டு கட்டைச் சுவரில் உட்கார்ந்து, கீழே போடியைக் காட்டி, அதுதான் நம்ம கடை, அதுதான் உன் தொட்டில் இருந்த வீடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். மேகம் வந்து ஊரை மூடின பிறகும் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

ஆவணிக் குளிர். மேலே சாரல் வேறு. நான் முன்சீட்டில்தான் இருந்தேன். கூஜாவில் ஒரு சத்தமும் இல்லை அப்பா. மூன்று இடத்திலும் காது கொடுத்துக் கேட்டேன்.

நான் கேட்காமல் இருந்துவிட்டேன். மூன்றாவது இடத்தில் நீங்கள் கிளம்பலாமா என்றபோது, இன்னும் ஆறியிருக்காது என்று நான்தான் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா?

இங்கே வந்து சேர விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. நீங்கள் திரும்பிப் போன பிறகு அத்தை, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார்கள். வாசலில் மொக்கம்மாளும் இன்னும் நாலு பேரும் பாப்பாவைப் பார்க்க நின்றுகொண்டிருந்தார்கள்.

"கார் கொதிச்சுப்போச்சு அத்தை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சந்திரவல்லி


போடி
18-9-1955

ஆத்தா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது நடுவில் ஒரு பக்கத்தை விட்டுவிட்டேன். கண்ணாடி சரியில்லை என்று சொன்னேன்.

நீ உன் மாமியாரிடம் சொன்னது பொய் இல்லை. கார் கொதித்தது. ஓட்டுகிறவன் நான், எனக்குத் தெரியாதா? கூஜாவில் சத்தம் ஏன் வரவில்லை என்று தானியேலிடம் கேட்டேன். சில சமயம் அப்படி இருக்கும் என்றார். அவர் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

தீபாவளிக்கு உன்னையும் மாப்பிள்ளையையும் பாப்பாவையும் அழைக்க வருகிறேன். இறக்கத்தில் என்ஜினுக்கு வேலை இல்லை, அதனால் கொதிக்காது என்று மாப்பிள்ளை சொல்லுவார். படித்தவர், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அவருக்கு இந்தக் காரைத் தெரியாது. இது இறக்கத்திலும் கொதிக்கும்.

உன் அப்பன்,
பிச்சைமணி